ட்ராப்பர் சீட் போஸ்ட்: வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

மவுண்டன் பைக்குக்கு ட்ராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்க உதவும் சீட் தண்டு) தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "எது கெடாமல் உழைக்கும்?" என்பதைத்தான். பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பெயர் வரும். ஒருவர் வருடக்கணக்கில் தொடாமல் ஓட்டுகிறேன் என்று புகழும் அதே மாடலை, இன்னொருவர் ஒரே சீசனில் கழற்றிப் போட்டேன் என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ட்ராப்பர் தனித்து இயங்கும் பொருள் அல்ல. அது செருகப்பட்டிருக்கும் ஃப்ரேம் குழாய், அதை இறுக்கும் கிளாம்ப், ஃப்ரேமுக்குள் வளைந்து ஓடும் கேபிள், மேலே உட்காருபவரின் எடை எல்லாம் சேர்ந்துதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. அதனால் பிராண்ட் பெயர்களைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, இந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது, எங்கே பழுதாகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

ட்ராப்பர் செய்யும் வேலை

மிதிப்பதற்குச் சீட் உயரமாக இருக்க வேண்டும். பெடல் கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட முழுதாக நீண்டால்தான் தொடைத் தசை முழு பலத்தையும் தரும், முழங்காலும் நோகாது. ஆனால் செங்குத்தான இறக்கத்தில் அதே உயரம்தான் பிரச்சினை. உடலைத் தாழ்த்த முடியாது, பின்னால் நகர முடியாது, பைக்கை இடமும் வலமும் சாய்க்கப் போனால் சீட் தொடையில் இடிக்கும். முன்சக்கரம் ஒரு கல்லில் தடுக்கினால், ஓட்டுபவரை ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறிவதில் உயரமான சீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ட்ராப்பர் இந்த இரண்டு தேவைகளையும் ஓடும்போதே சமாளிக்கிறது. ஹேண்டில்பாரில் இருக்கும் லீவரை அழுத்தியபடி உட்கார்ந்தால் சீட் இறங்கும். எழுந்துகொண்டு லீவரை அழுத்தினால் சீட் தானாக மேலே வரும். லீவரை விட்டால் இருந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். இறங்குவதற்குத் தேவையான விசை ஓட்டுபவரின் எடையிலிருந்து வருகிறது. ஏறுவதற்கான விசை உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கிலிருந்து வருகிறது, அது பெரும்பாலும் அழுத்தப்பட்ட வாயு. லீவர் செய்வது பூட்டைத் திறப்பதும் மூடுவதும் மட்டுமே. பல பழுதுகளைக் கண்டுபிடிக்க இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே போதும்.

இந்த இடத்துக்கு வந்த வழி

யோசனை பழையது. 1980களில் கலிஃபோர்னியாவில் ஜோ பிரீஸும் ஜோஷ் ஏஞ்சலும் ஹைட்-ரைட் என்ற ஸ்பிரிங்கை விற்றார்கள். குயிக் ரிலீஸை (கருவியில்லாமல் திறக்கும் கிளாம்பை) கையால் திறந்து, சீட்டின் மேல் எடை போட்டு இறக்க வேண்டும். எடையை எடுத்துவிட்டுத் திறந்தால் ஸ்பிரிங் மேலே தள்ளும். 2000களின் தொடக்கத்தில் கிராவிட்டி டிராப்பர் போன்றவை லீவருடன் வந்தன. 2010இல் ராக்‌ஷாக்ஸ் ரிவெர்ப் வந்த பிறகு ட்ராப்பர் சாதாரண ஓட்டுநர்களின் பைக்கிலும் இடம்பிடித்தது. 2012இல் ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்எக்ஸ்1 கியர் தொகுதி வந்து, முன்னால் ஒற்றைச் சங்கிலிவட்டு மட்டும் வைக்கும் பழக்கம் பரவியதும் இடதுகைக் கியர் லீவர் காணாமல் போனது. காலியான அந்த இடம் ட்ராப்பர் லீவருக்குக் கிடைத்தது. கட்டைவிரலுக்கு அடியில், கியர் மாற்றும் அதே அசைவில் சீட்டை இறக்க முடிந்தபோதுதான் அதை அடிக்கடி பயன்படுத்தும் வழக்கமும் வந்தது. 2022 மிலான்–சான் ரெமோ பந்தயத்தில் மதேய் மொஹோரிச் சாலை சைக்கிளில் ட்ராப்பரை மாட்டி, போஜ்ஜியோ இறக்கத்தில் எல்லாரையும் பிரிந்து போய் வென்றார். அது வேறு உலகம் என்றாலும், இறக்கத்தில் தாழ்ந்த சீட் தரும் லாபத்துக்கு அதைவிட வெளிப்படையான விளம்பரம் வந்ததில்லை.

உள்ளே இருக்கும் மூன்று வகை

வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ட்ராப்பரும் ஒன்று போலத்தான் தெரியும்: ஃப்ரேமுக்குள் நிற்கும் வெளிக்குழாய், அதற்குள் மேலும் கீழும் ஓடும் உள்குழாய், இரண்டும் சேரும் இடத்தில் ஒரு காலர். வித்தியாசம் உள்ளே இருக்கும் பூட்டில்தான்.

1. இயந்திரப் பூட்டு. ஒரு ஊசியோ விரியும் வளையமோ உள்ளே வெட்டப்பட்ட பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். ஸ்பெஷலைஸ்டு கமாண்ட் போஸ்ட் இப்படித்தான் இயங்கியது. ஃபாக்ஸ் டிரான்ஸ்ஃபர் எஸ்எல்லும் இந்த வகைதான், அதில் முழு உயரம், முழு இறக்கம் என்று இரண்டே நிலை. பூட்டுவதற்கு எண்ணெய் தேவையில்லை என்பதால் கசிவுத் தொல்லை குறைவு, எடையும் குறைவு. பள்ளம் உள்ள உயரங்களைத் தவிர, நடுவில் விரும்பிய இடத்தில் நிறுத்த முடியாது. சரியாக மாட்டாத பள்ளத்தில் விட்டால், உட்கார்ந்தவுடன் அடுத்த பள்ளம்வரை சட்டென்று இறங்கிவிடும்.

2. திறந்து பழுது பார்க்கக்கூடிய ஹைட்ராலிக். இரண்டு அறைகளில் எண்ணெய், நடுவில் ஒரு வால்வு, பின்னால் அழுத்தப்பட்ட காற்று. எண்ணெய் அமுங்காது. வால்வு மூடியிருந்தால் எண்ணெய் நகர வழியில்லை, அதனால் சீட் எந்த உயரத்திலும் கல் மாதிரி நிற்கும். வால்வைத் திறந்தால் எடை எண்ணெயை மறு அறைக்குத் தள்ளும், காற்று அமுங்கும். எழுந்தால் அந்தக் காற்றே திரும்பத் தள்ளும். எண்ணெயையும் காற்றையும் பிரித்து வைப்பது ஒரு மிதக்கும் பிஸ்டனும் அதைச் சுற்றிய ரப்பர் சீல்களும். ரிவெர்ப் இந்தக் குடும்பம்.

3. மூடிய கார்ட்ரிட்ஜ். மேலே சொன்ன அதே எண்ணெய்–வாயு அமைப்பு, ஆனால் தொழிற்சாலையிலேயே மூடி முத்திரையிட்ட ஒரு தனிக்குழல். அலுவலக நாற்காலியை ஏற்றி இறக்கும் கேஸ் லிஃப்டின் உறவுக்காரன் என்று சொல்லலாம். கெட்டால் திறக்கும் வேலையே இல்லை. குழலைக் கழற்றிப் புதியதைப் போட வேண்டியதுதான். ஒன்அப், பிஎன்டபிள்யூ, எஸ்டிஜி என்று இன்று நடுத்தர விலையில் விற்கும் பல போஸ்ட்டுகள் இந்த வழியில் போகின்றன.

இவற்றில் எது நம்பகமானது? கார்ட்ரிட்ஜ் வகையைத்தான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வேன். மற்ற இரண்டும் மோசம் என்பதால் அல்ல. ஹைட்ராலிக் போஸ்ட் என்றாவது சர்வீஸ் கேட்கும். அப்போது சிறப்புக் கருவி, எண்ணெய், அளவு பார்த்து மாற்ற வேண்டிய சீல்கள், ஒரு முழு மாலை என்று எல்லாவற்றையும் எதிர்பார்க்கும் போஸ்ட்டும், இரண்டு ஸ்பேனரில் முடியும் போஸ்ட்டும் ஒன்றல்ல. கையில் கருவியும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இரண்டாவது வகை நன்றாகவே உழைக்கும்.

இடையில் ஒரு நல்ல வடிவமைப்பையும் சொல்ல வேண்டும். எண்ணெய்க்குள் காற்று புகுவதுதான் ஹைட்ராலிக் போஸ்ட்டுகளின் நாள்பட்ட நோய். பைக்யோக் தன் ரிவைவ் மாடலில், அந்தக் காற்றை வெளியேற்ற சீட்டுக்குக் கீழே ஒரு திருகு வால்வை வைத்தது. ஒரு ஆலன் கீயால் திறந்து, போஸ்ட்டை அழுத்தி மூடினால் வேலை முடிந்தது. பின்னர் ராக்‌ஷாக்ஸும் 2020 தலைமுறை ரிவெர்ப்பில் இதே நோக்கத்துக்கு ஒரு வெளியேற்று வால்வைச் சேர்த்தது. கோளாறு வரவே வராது என்று சொல்லிக்கொள்ளாமல், வந்தால் பத்து வினாடியில் சரிசெய்யலாம் என்று வடிவமைத்த பொருள் என்பதாலேயே இவற்றின் மேல் மரியாதை வருகிறது.

பழுதுகள்: எது போஸ்ட்டின் குற்றம், எது இல்லை

"என் ட்ராப்பர் கெட்டுவிட்டது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஐந்தாறு வெவ்வேறு பிரச்சினைகள் ஒளிந்திருக்கும். அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எந்த போஸ்ட்டை வாங்குவது என்பதற்கும் விடை கிடைக்கும்.

1. மெதுவாக ஏறுவது, அல்லது கடைசிக் கொஞ்ச தூரம் ஏறாமல் நிற்பது

இதுதான் அதிகம் கேட்கும் புகார். முதல் சந்தேகம் சீட் கிளாம்ப் மேல் விழ வேண்டும். ட்ராப்பரின் வெளிக்குழாய் சுவர் மெல்லியது. கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கினால் அந்தச் சுவர் துளி உள்ளே அமுங்கும். உள்குழாய் அந்த இடத்தில் உரசும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்லும் இறுக்கம் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும், கையால் "நல்லா டைட்டா" முறுக்கும்போது அதைத் தாண்டிவிடுவது சுலபம். சோதனை எளிது: கிளாம்பைத் தளர்த்திவிட்டு லீவரை அழுத்திப் பாருங்கள். சீட் துள்ளி எழுந்தால் போஸ்ட்டில் குறை இல்லை. தளர்த்தினால் வழுக்குகிறது, இறுக்கினால் பிடிக்கிறது என்ற நிலைமை வந்தால், கார்பன் பாகங்களுக்குப் பூசும் உராய்வுப் பசையைப் பூசுங்கள். குறைந்த இறுக்கத்திலேயே போஸ்ட் நிற்கும்.

இரண்டாவது சந்தேகம் கேபிள். போஸ்ட்டை வெளியே எடுத்து, கேபிளைக் கழற்றி, அடியில் இருக்கும் சிறு நெம்புகோலை விரலால் அழுத்தி, போஸ்ட்டை அமுக்கி விடுங்கள். விரலால் அழுத்தும்போது நன்றாக வேலை செய்து, லீவரால் மட்டும் செய்யவில்லை என்றால் குற்றவாளி கேபிளும் அதன் உறையும்தான். ஃப்ரேமுக்குள் கூர்மையான வளைவு, உள்ளே போன தண்ணீர், சரியாக வெட்டாத உறை முனை என்று காரணம் பல.

இந்த இரண்டும் இல்லையென்றால்தான் காலருக்குள் அழுக்கு, காற்றழுத்தம் குறைவு, தேய்ந்த சீல் என்று உள்ளே பார்க்க வேண்டும். கடுங்குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டு மெதுவாவது பழுது அல்ல, வெயில் ஏறினால் சரியாகும்.

2. உட்கார்ந்ததும் கொஞ்சம் அமுங்கி, ஸ்பிரிங் மாதிரி மேலும் கீழும் ஆடுவது

இது உண்மையான உள்பழுது. எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். பூட்டிய நிலையில் சீட் அமுங்குகிறது என்றால் எண்ணெய் அறைக்குள் காற்று வந்துவிட்டது. காற்றை வெளியேற்றும் வால்வு இருந்தால் பிழைத்தீர்கள். கார்ட்ரிட்ஜ் வகையில் குழலை மாற்ற வேண்டும். மற்றதில் முழுதாகப் பிரித்து எண்ணெய் நிரப்ப வேண்டும்.

இந்தப் பழுதை வேகமாக வரவழைக்கும் ஒரு பழக்கம் உண்டு: சீட் இறங்கிய நிலையில், சீட்டைப் பிடித்து பைக்கைத் தூக்குவது. பூட்டிய போஸ்ட்டை அப்படி மேலே இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, காற்று சீலைத் தாண்டி எண்ணெய்ப் பக்கம் இழுக்கப்படலாம். எல்லா வடிவமைப்பும் இதற்குச் சமமாகப் பலவீனமானவை இல்லை. ஆனாலும் தூக்கும் முன் சீட்டை முழு உயரத்துக்கு ஏற்றிவிடுவது, அல்லது ஃப்ரேமைப் பிடித்துத் தூக்குவது எந்த போஸ்ட்டுக்கும் நல்லது.

3. பூட்டியிருந்தும் தானாக மெல்ல இறங்குவது

இதை உடனே சீல் பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாதி நேரம் கேபிள் அதிக இழுவையில் இருப்பதுதான் காரணம். லீவரைத் தொடாதபோதும் கேபிள் வால்வைத் துளி திறந்து வைத்திருந்தால், எடை ஏறியதும் எண்ணெய் கசிந்து நகரும். லீவரில் உள்ள திருகை இரண்டு சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். சீட் நின்றுவிட்டால் செலவே இல்லாமல் முடிந்தது. ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போது மட்டும் சீட் இறங்கினால், கேபிள் உறை நீளம் போதவில்லை என்று பொருள்.

4. சீட் மூக்கு இடமும் வலமும் ஆடுவது

உள்குழாய் சுழலாமல் தடுக்க, நீளவாக்கில் பள்ளங்கள் வெட்டி அவற்றில் சிறு பித்தளைச் சாவிகளை வைத்திருப்பார்கள். அவை தேயத் தேய ஆட்டம் வரும். சீட் முனையில் ஓரிரு மில்லிமீட்டர் ஆட்டம் புது போஸ்ட்டிலேயே இருக்கும். ஓட்டும்போது தெரியாது, ஆபத்தும் இல்லை. அதைப் பார்த்துப் பொருளைத் திருப்பி அனுப்புவது வீண் வேலை. வளர்ந்துகொண்டே போகிற ஆட்டம்தான் கவனிக்க வேண்டியது. சாவிகளைத் தனியாக, சற்றுப் பெரிய அளவுகளிலும் விற்கும் நிறுவனம் என்றால் இது ஒரு சின்ன வேலை. விற்காத நிறுவனம் என்றால் போஸ்ட்டையே மாற்றுவதைத் தவிர வழியில்லை.

5. முன்பின் ஆட்டம், உட்கார்ந்தபடி இறக்கவே முடியாமல் இறுகுவது

இங்கே புஷ்ஷிங் என்ற வளையங்களைப் பற்றிப் பேச வேண்டும். உள்குழாயை இரண்டு இடத்தில் தாங்குகிறவை இவை: ஒன்று காலரில், மற்றொன்று உள்குழாயின் கீழ்முனையில். சீட் முழு உயரத்தில் இருக்கும்போது இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. எடையோ மிக உயரத்தில். நெம்புகோல் கணக்குப்படி அப்போதுதான் புஷ்ஷிங்கின் மேல் சுமை உச்சத்தில் இருக்கும். இன்றைய பல ஃப்ரேம்களில் சீட் குழாய் பின்னோக்கி நன்றாகச் சாய்ந்திருப்பதால், உட்காருபவரின் எடை குழாயின் வழியே நேராக இறங்காமல் அதைப் பின்னால் வளைக்கப் பார்க்கிறது. நீளமான போஸ்ட், சாய்ந்த குழாய், கனமான ஓட்டுநர் மூன்றும் சேர்ந்தால் உராய்வு ஏறி, போஸ்ட் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்டவர்கள் மெல்லிய, எடை குறைந்த மாடலை ஆசைப்பட்டு வாங்கக் கூடாது. தடிமனான குழாயும், புஷ்ஷிங்குகள் ஒன்றை ஒன்று தள்ளி இருக்கும் அமைப்பும்தான் அவர்களுக்கு.

இந்தப் பட்டியலைத் திரும்பப் பார்த்தால், முதலாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் பொருத்தியதில் வந்த கோளாறு. எத்தனை விலை கொடுத்து எந்தப் பெயரை வாங்கினாலும் அவை வரும்.

அளவு: தவறு நடக்கும் இடம்

முதலில் விட்டம். பரவலாக உள்ளவை 27.2, 30.9, 31.6, 34.9 மில்லிமீட்டர். ஃப்ரேம் எதைக் கேட்கிறதோ அதுதான். பழைய போஸ்ட்டின் அடிப்பக்கத்தில் எண் பொறித்திருக்கும். 31.6 ஃப்ரேமில் 30.9 போஸ்ட்டை ஒரு இடைக்குழலுடன் பொருத்தலாம், அதற்கு நேர்மாறாக முடியாது. 27.2 ஃப்ரேம் உள்ளவர்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது: உள்ளே இடம் குறைவு என்பதால் டிராவல் (சீட் இறங்கும் தூரம்) பெரும்பாலும் 100–125 மில்லிமீட்டரோடு நின்றுவிடும், விறைப்பும் குறைவு. எதிர்முனையில் 34.9 வசதியானது, தடித்த சுவருக்கும் பெரிய புஷ்ஷிங்குக்கும் இடம் கிடைக்கிறது.

அடுத்தது டிராவல். பெரும்பாலும் 100இலிருந்து 240 மில்லிமீட்டர் வரை வருகிறது. எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்ற பேச்சில் உண்மை இருக்கிறது, ஆனால் அது ஃப்ரேமுக்குள் நுழைய வேண்டுமே. இதற்கு மூன்று அளவுகள் எடுக்க வேண்டும்.

1. மிதிக்கும் உயரத்தில் சீட்டை வைத்து, சீட் கிளாம்பின் மேல்விளிம்பிலிருந்து சீட் கம்பியின் (சீட்டுக்கு அடியில் ஓடும் கம்பி) நடுவரை உள்ள தூரம்.

2. சீட் குழாயின் மேல்விளிம்பிலிருந்து உள்ளே எவ்வளவு ஆழம் நேராக, தடையில்லாமல் இருக்கிறது என்பது. குழாய் வளையும் இடம், சஸ்பென்ஷன் அச்சு, பாட்டில் மாட்டும் திருகு இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுதான் எல்லை. ஒரு நீளக் குச்சி போதும்.

3. வாங்க நினைக்கும் போஸ்ட்டின் வரைபடத்தில் இரண்டு எண்கள்: முழுதாக இறங்கியபோது காலரின் அடியிலிருந்து சீட் கம்பிவரை உள்ள உயரம், காலருக்குக் கீழே கேபிள் மாட்டும் பகுதியையும் சேர்த்த நீளம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் அளவு 235 மி.மீ., குழாயின் ஆழம் 255 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட் இறங்கியபோது காலரின் அடியிலிருந்து சீட் கம்பிவரை 40 மி.மீ. நிற்கிறது. 235இல் 40 போனால் 195. அதனால் 200 டிராவல் ஏறாது, 180 ஏறும். 180ஐப் போட்டால் முழு உயரம் 220; மீதி 15 மி.மீ. அளவுக்குக் காலரை ஃப்ரேமுக்கு மேலே இழுத்து வைக்க வேண்டும். காலருக்குக் கீழ் நீளம் 265 என்றால், 15 வெளியே போக 250 உள்ளே போகும். 255 ஆழத்தில் 250. நுழைகிறது போலத்தான் தெரிகிறது. ஆனால் மீதமுள்ள 5 மில்லிமீட்டரில் கேபிள் எப்படி வளையும்? இங்கேதான் கேபிள் நசுங்கி, "மெதுவாக ஏறுகிறது" என்ற புகார் பிறக்கிறது. ஒரு படி கீழே, 150 அல்லது 170க்கு இறங்குவதுதான் சரி.

சில போஸ்ட்டுகளில் டிராவலைக் குறைத்துக்கொள்ளும் வசதி உண்டு. பிஎன்டபிள்யூ லோமில் கருவியே இல்லாமல் 30 மி.மீ. வரை குறைக்கலாம், ஒன்அப்பில் சிறு செருகுகளால் 10 அல்லது 20 மி.மீ. குறைக்கலாம். மேலே சொன்ன கணக்கில் 200 போஸ்ட்டை 10 குறைத்து 190 ஆக்கினால் உயரத்துக்கு அது பொருந்தும், ஆழத்தை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும்.

அப்புறம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. சின்ன ஃப்ரேம், நீண்ட பின் சஸ்பென்ஷன், நீளமான ட்ராப்பர் என்று சேர்ந்தால், சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது பின்டயர் சீட்டில் மோதலாம். ஷாக்கின் காற்றை இறக்கி, பைக்கை முழுதாக அமுக்கி, சீட்டையும் இறக்கி வைத்து இடைவெளியைப் பார்த்துவிடுங்கள்.

லீவர்: கேபிளா, எண்ணெயா, மின்கலமா

கேபிள்தான் என் தேர்வு. கெட்டால் கியர் கேபிளை வைத்தே சரிசெய்யலாம், எந்தச் சைக்கிள் பட்டறையிலும் கிடைக்கும். இதில் ஒரு நுணுக்கம்: கேபிளின் குமிழ் முனை போஸ்ட் பக்கம் மாட்டி, லீவர் பக்கம் திருகால் இறுக்கும் வகை வசதியானது. மறுபக்கமாக இருந்தால் கேபிளைத் துல்லியமான நீளத்துக்கு வெட்டிவிட்டுத்தான் போஸ்ட்டைச் செருக முடியும். ஓரிரு மில்லிமீட்டர் தவறினால் மறுபடி முதலிலிருந்து.

எண்ணெய்க் குழாய் லீவர் அமுக்குவதற்கு மென்மையானது. ஃப்ரேமுக்குள் எத்தனை வளைவு இருந்தாலும் உராய்வு ஏறாது. ஆனால் குழாயை வெட்டும்போதும், காற்று புகுந்தபோதும் ப்ளீட் செய்ய, அதாவது எண்ணெயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். ஏற்கெனவே போஸ்ட்டுக்குள் ஒரு எண்ணெய்ச் சுற்று இருக்கும்போது அதை இயக்க இன்னொன்று எதற்கு என்பதுதான் கேள்வி.

வயர்லெஸ் வகையில் 2019இல் வந்த ரிவெர்ப் ஏஎக்ஸ்எஸ் பரவலாகத் தெரிந்தது. மோட்டார்தான் சீட்டைத் தூக்குகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, அது வால்வைத் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். மற்ற எல்லாம் அதே எண்ணெயும் காற்றும். கேபிள் சம்பந்தப்பட்ட எல்லாத் தொல்லையும் ஒரே அடியாகப் போய்விடும், ஒரு பைக்கிலிருந்து இன்னொன்றுக்கு நிமிடங்களில் மாற்றலாம். விலை அதிகம். மின்கலம் தீர்ந்தால் சீட் இருந்த உயரத்தில் அப்படியே நிற்கும். கேபிள் வழியில் மோசமான வளைவுகள் உள்ள ஃப்ரேமுக்கோ, கேபிள் நுழையத் துளையே இல்லாத ஃப்ரேமுக்கோ இது உண்மையான தீர்வு. மற்றவர்களுக்கு ஒரு சொகுசு.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

ஒரு போஸ்ட்டின் நம்பகத்தை விமர்சனங்களை மட்டும் வைத்து எடை போடுவது கடினம். விமர்சகர்கள் பெரும்பாலும் புது போஸ்ட்டைச் சில வாரங்கள், மிஞ்சிப்போனால் சில மாதங்கள் ஓட்டுகிறார்கள். சீல் தேய்வதும் சாவி தேய்வதும் அதற்குப் பிறகுதான். அதைவிட நல்ல தடயங்களைத் தயாரிப்பாளரே வெளியிட்டிருப்பார், தேடிப் பார்க்க வேண்டும்:

1. பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடமும் சர்வீஸ் கையேடும் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறதா?

2. கார்ட்ரிட்ஜ், புஷ்ஷிங், பித்தளைச் சாவி, காலர் சீல் இவை தனித்தனியாக விற்பனைக்கு உண்டா? "உண்டு" என்று சொல்வது வேறு, இன்று கையிருப்பில் இருப்பது வேறு.

3. அதே கார்ட்ரிட்ஜ் பழைய மாடலுக்கும் புதிய மாடலுக்கும் பொருந்துகிறதா? வருடத்துக்கு ஒரு முறை உள்ளமைப்பை மாற்றும் நிறுவனத்தின் பொருளுக்கு நான்கு வருடம் கழித்து உதிரிபாகம் கிடைப்பது சந்தேகம்.

4. உத்தரவாதம் உள்பாகங்களையும் சேர்த்ததா, எத்தனை வருடம், பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும்?

5. டிராவலைக் குறைக்கும் வசதி இருக்கிறதா? பைக் மாற்றும்போது போஸ்ட்டையும் கொண்டுபோக இது உதவும்.

எடையைப் பட்டியலில் சேர்க்காதது வேண்டுமென்றேதான். சாதாரண போஸ்ட்டைவிட ட்ராப்பர் ஏறக்குறைய 300–400 கிராம் கூடுதலாக இருக்கும்; அதில் 60 கிராம் மிச்சம்பிடிக்க புஷ்ஷிங் இடைவெளியைக் குறைத்த மாடலை எடுப்பது பந்தய ஓட்டுநருக்குத்தான் சரிப்படும். விலையும் முழு அளவுகோல் இல்லை. பைக்குடன் வரும், பெயர் அதிகம் தெரியாத போஸ்ட்டுகள் பல ஒரே சில தொழிற்சாலைகளிலிருந்து வெவ்வேறு பெயரில் வருபவை. ட்ரான்ஸ்எக்ஸ் போன்ற தயாரிப்பாளர்களின் எளிய போஸ்ட்டுகள் பளபளப்பில்லாமல் நன்றாகவே உழைக்கின்றன. உச்ச விலையில் கிடைப்பது மென்மையான லீவர், குறைந்த ஆட்டம், ஃபாக்ஸின் காஷிமா மாதிரியான பூச்சு. இவை நல்லவைதான், ஆனால் நான் மேலே கேட்ட ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கும் அவை பதில் இல்லை.

கையில் வந்த பிறகு

பராமரிப்பு அதிகமில்லை. ஓட்டி முடித்ததும் உள்குழாயைத் துணியால் துடைக்க வேண்டும். காலர் சீலின் ஓரத்தில் ஒட்டிய மணல்தான் பின்னால் கீறலாகிறது. உயர் அழுத்தத் தண்ணீரைக் காலருக்கு நேராக அடிக்க வேண்டாம். சில மாதங்களுக்கு ஒரு முறை காலரைத் திருகிக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து, சஸ்பென்ஷனுக்கென்று விற்கும் மெல்லிய கிரீஸைத் தடவினால் பாதிப் புகார்கள் வரவே வராது. சேறும் மழையுமாக ஓட்டுபவர்கள் இதை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும். பைக்கை ஸ்டாண்டில் மாட்டும்போது சீட்டுக்குக் கீழே பளபளப்பாகத் தெரியும் உள்குழாயில் கிளாம்ப் போடக் கூடாது. ஒரே ஒரு ஆழமான கீறல் போதும், சீல் அந்த வழியே எண்ணெயை வெளியேவும் அழுக்கை உள்ளேயும் விடத் தொடங்கும்.

புது போஸ்ட்டை மாட்டிய அன்றே இன்னொன்றும் செய்து வைக்கலாம். கிளாம்பை இறுக்கும் முன் சீட் எவ்வளவு வேகமாக எழுகிறது என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, இறுக்கிய பின் மறுபடி பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பொருத்தியது சரி. வேகம் குறைந்திருந்தால் அப்போதே கிளாம்பைத் தளர்த்தி, உராய்வுப் பசை பூசி, முன்பைவிடக் குறைவாக இறுக்குங்கள்.